உயர அச்சமும் மனோவசிய வணிகமும்

"மூன்றே அமர்வுகளில் உயர அச்சம் அறவே நீங்கும்" என்னும் பாணியிலான விளம்பரங்கள் மனோவசிய சிகிச்சையின் பெயரால் வெளிவருவதைக் காண்கின்றோம். சாய்கதிரையிற் கண்மூடிக் கிடந்தாற் போதும், எஞ்சியவற்றை வல்லுநர் பார்த்துக்கொள்வார் என்பதே அவற்றின் சாரம். பல்கலைக்கழகம் வரை வந்து கற்ற எம்மவருள்ளும் இதனை நம்புவோர் உளர். அவர்களை எள்ளி நகையாடி, மனோவசியம் முழுவதுமே மேடை வித்தையெனத் தள்ளிவிடுவோரும் உளர். இரு சாராரும் தவறிழைக்கின்றனர் என்பதே எமது வாதம். எனினும், பணமும் தன்னம்பிக்கையும் ஒருங்கே பறிபோவது முதற் சாராரிடமிருந்தே ஆதலின், அவர்களை நோக்கியே அதிகம் பேசவேண்டியுள்ளது.

உயர அச்சம் சிரிப்புக்குரிய சிறு விடயமன்று. மேல்மாடி விரிவுரை மண்டபத்தில் யன்னலோர ஆசனத்தைத் தவிர்ப்பவன் நண்பர்களின் கேலியோடு தப்பிவிடலாம். கட்டடப் பொறியியல் பயிலும் மாணவனுக்குச் சாரத்தில் ஏறும்போது கால்கள் மரத்துப்போகுமாயின் அவனது வாழ்க்கைத் தொழிலே கேள்விக்குரியதாகின்றது. அத்தகையவன் குறுக்குவழி தேடுவதில் வியப்பில்லை. அவனது இக்கட்டையே மூலதனமாக்குவோரைத்தான் கண்டிக்கின்றோம்.

மயக்கம் சொல்லிலேயே தொடங்கிவிடுகின்றது. 'வசியம்' என்றதும் எமது மக்களின் நினைவுக்கு வருவன மையும் மந்திரமுமே. ஒருவர் மற்றவரது மனத்தைக் கைப்பற்றி ஆட்டுவிக்கின்றார் என்ற கருத்து அச்சொல்லிற் பொதிந்துள்ளது. 'அறிதுயில்' என்பதோ திருமாலின் துயிலைக் குறிக்க நம் முன்னோர் ஆண்ட சொல்; துயில்வது போலத் தோன்றினும் அறிவு விழித்திருக்கும் நிலை அது. இச்சிகிச்சையின் இயல்புக்கு நெருங்கியதும் அதுவே. அறிதுயிலுக்கு உட்பட்டவர் உறங்குவதுமில்லை, தம் சித்தத்தை இழப்பதுமில்லை. கவனம் ஒன்றிற் குவிய, கூறப்படும் கருத்துக்கு இசையும் தன்மை மிகுகின்றது, அவ்வளவே. பெயரிடுவதில் இடர்ப்பட்டோர் நாம் மட்டுமல்லர். 1841இல் மன்செஸ்டர் நகரில் ஒரு மேடைக் காட்சியைக் கண்டு இத்துறையில் ஆய்வு தொடங்கிய ஜேம்ஸ் பிரெயிட் என்னும் சத்திரசிகிச்சையாளர், துயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயரமைத்தார். பின்னர் அது பொருந்தாதெனக் கண்டு, ஒரே எண்ணத்தில் நிலைத்தல் எனப் பொருள்படும் வேறொரு பெயரை 1847இல் முன்மொழிந்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. வணிகர்க்கு அது வசதியாயிற்று போலும்!

ஏளனம் செய்வோர் விரும்பி எடுத்தாளும் சான்று இதனினும் பழையது. மெஸ்மர் என்னும் வைத்தியர் பரிஸ் நகரில் 'விலங்குக் காந்தம்' என ஒன்றைக் கூறி நோய் தீர்ப்பதாகப் புகழ்பெற்றிருந்தார். அதனை ஆராய 1784இல் பதினாறாம் லூயி மன்னன் அமைத்த ஆணைக்குழுவில் பெஞ்சமின் பிராங்கிளின், இலவோசியர் முதலியோர் இடம்பெற்றனர். மெஸ்மரின் சீடரான டெஸ்லோன் தோட்டத்து மரமொன்றுக்குக் காந்தமேற்றினார். கண் கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மரம் மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். அவன் மயங்கி வீழ்ந்ததோ காந்தமேற்றப்படாத மரமொன்றின் அருகில்! காந்தம் என ஒன்றில்லை, கற்பனையே இவ்விளைவுகளுக்குக் காரணம் என ஆணைக்குழு முடிவு செய்தது. இம்முடிவின் முற்பாதியோடு எம் நண்பர்கள் நின்றுவிடுகின்றனர். காந்தம் பொய்யே, ஆயின் சிறுவன் வீழ்ந்தது மெய். கருத்தொன்று உடலை வீழ்த்தவல்லதாயின், அதனைத் தேற்றவும் வல்லதாகலாம் அன்றோ? நோவைத் தணிப்பதில் அறிதுயில் பயன்படுவதை இன்றைய வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

அங்ஙனமாயின் உயர அச்சத்துக்கு அதுவே மருந்தாகாதோ? ஈண்டுதான் அச்சத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். உயரத்தின் முன் எச்சரிக்கை கொள்ளல் இயற்கை. நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண்ணும் உட்செவியும் தசைகளும் ஒருங்கே உதவுகின்றன. உயர்ந்த இடத்தில் அண்மைப் பொருள்கள் பார்வையினின்று அகன்றுவிடுவதால் உடலின் சிறு அசைவைக் கண்ணால் அளவிட முடிவதில்லை, தள்ளாட்டம் தோன்றுகின்றது. இது எவர்க்கும் நிகழ்வது. நோயாக வளர்வது பின்வாங்குதலினால். அஞ்சியவன் இறங்கி ஓடுகின்றான்; ஓடியதும் நெஞ்சு ஆறுகின்றது; ஓடியதனாலேயே உயிர் பிழைத்தோம் என உடல் கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை இன்னும் தாழ்ந்த படியிலேயே கால் நடுங்குகின்றது. இவ்வாறு கற்ற பாடத்தை மாற்றும் இடமும் அந்தப் படியேயாகும்.

ஜேர்மனியக் கவிஞர் கதே இதனைத் தாமே கண்டுகொண்டார். 1770இல் ஸ்ட்ராஸ்பேர்க்கிற் சட்டம் பயிலச் சென்ற அவர், தலைச்சுற்றலை வெல்லக் கருதி, அந்நாளில் உலகின் மிக உயர்ந்த கட்டடமாயிருந்த அந்நகரப் பேராலயக் கோபுரத்தில் ஏறி, உச்சியின் கீழே சிறிது நேரம் அமர்ந்திருந்து, பின் வெட்டவெளித் தளத்தில் வந்து நின்றார். அந்த வேதனை பொருட்டாகத் தோன்றாதொழியும் வரை மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அத்துணை தொலைவு செல்வானேன்? தளைநார் பூட்டிப் பனையேறும் எமது சீவல் தொழிலாளியின் கால்கள் நாள்தோறும் ஏறியே பழகின. அவனை இழிவாக நோக்கப் பழகிய எமது படித்த வர்க்கம் அவனிடம் கற்கவேண்டியதைக் கற்கவில்லை.

இதனை ஒழுங்குபட்ட சிகிச்சை முறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் தென்னாபிரிக்கரான ஜோசப் வோல்ப்பி. 1958இல் வெளியான அவரது நூல் கூறும் முறையில், நோயாளி முதலில் உடலைத் தளர்த்தக் கற்கின்றார். பின் தமக்கு அச்சந் தருவனவற்றைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக எதிர்கொள்கின்றார். அறிதுயிலையும் வோல்ப்பி பயன்படுத்தினார், உடலைத் தளர்த்தும் துணையாக. அதற்குரிய இடம் அதுவே. 2018இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர் நூறு பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், கணினி தோற்றுவித்த மெய்நிகர்க் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறியோரின் உயர அச்சம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. அங்கே அறிதுயிலும் இல்லை, அருகில் வைத்தியரும் இல்லை. படிகள் மட்டும் இருந்தன.

"எவ்வழியாயினும் குணமானாற் போதாதா?" எனச் சிலர் வினவுவர். போதாது. அறிதுயிலுக்கு இசையும் ஆற்றல் ஆளுக்காள் வேறுபடுவது. அதனை அளக்க 1959இலேயே ஸ்டன்போட் பல்கலைக்கழகத்தில் அளவுகோல் வகுக்கப்பட்டது. எல்லோர்க்கும் உறுதியளிப்பவர் இதனை அறியாதவராகவோ, அறிந்தும் மறைப்பவராகவோ இருத்தல் வேண்டும். குணமாகாதவன், "என் மனந்தான் பலவீனமானது" என இரண்டாவது நோயொன்றையும் சுமந்து வீடு திரும்புகின்றான். குணமானவன் நிலையும் நன்றன்று. அச்சம் திரும்பக்கூடியது. தானே ஏறி வென்றவன் மீண்டும் எந்தப் படியிலிருந்து தொடங்கலாமென அறிவான். தன் அச்சத்தைப் பிறரொருவர் எடுத்தெறிந்ததாக நம்புபவனோ மறுபடியும் அவரது வாசலிலேயே, மறுபடியும் கட்டணத்தோடு, நிற்பான்.

சீகிரியாச் சுற்றுலாவில், பாறையோடு பொருத்திய இரும்புப் படிகளைக் கண்டு சிங்கப் பாதங்களின் அருகிலேயே அமர்ந்துவிடும் நண்பரொருவர் பெரும்பாலும் எல்லா வகுப்பிலும் உளர். அவரைக் கேலி செய்து இழுத்தேற்றுவது சிகிச்சையாகாது. அச்சத்தை அது பெருக்கவுங்கூடும். நூலகத்தின் முதலாம் மாடி யன்னலருகே, நடுக்கம் தணியும் வரை, அவரோடு நிற்க ஒருவர் முன்வரலாம். அடுத்த வாரம் இரண்டாம் மாடி. அறிதுயில் வல்லுநரிடம் அவர் செல்ல விரும்பினால் தாராளமாகச் செல்லட்டும். கட்டணம் செலுத்துமுன் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: "எத்தனையாவது அமர்வில் என்னோடு படியேற வருவீர்கள்?" அதற்கு அவசியமில்லை என விடை வருமாயின், கதிரையை விட்டெழுந்து வந்துவிடலாம்.