18 மாத இலவசம் முடிந்தபின் குடும்பப் படங்கள் எங்கே போகும்? வீட்டிலேயே சேமிப்பது சரிவருமா?

2025 அக்டோபர் 30 அன்று ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. வரம்பற்ற 5ஜி திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ₹35,100 மதிப்புள்ள கூகுள் ஏஐ ப்ரோ 18 மாதங்களுக்கு இலவசம். முதலில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கும். எல்லோரும் ஜெமினி பற்றித்தான் பேசினார்கள். ஆனால், அதே பொட்டலத்துக்குள் 2 டிபி ஸ்டோரேஜும் இருந்தது. பல வீடுகளில் உண்மையில் பயன்படுவது அதுதான்.

கணக்கு எளிது. 2025 நவம்பரில் இதை ஆன் செய்தவருக்கு 2027 மே மாதத்தில் இலவசம் முடிகிறது. கட்டணம் கட்டாவிட்டால் பழைய 15 ஜிபிதான் மிஞ்சும். அதற்குள் குழந்தையின் பிறந்தநாள் வீடியோ, தங்கையின் கல்யாண ஆல்பம், ஸ்கேன் செய்த பட்டா என்று 300 ஜிபி ஏறியிருந்தால்? உடனே எதுவும் அழியாது. ஆனால் புதிய படங்கள் ஏறாது, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் நின்றுவிடும், ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும், அவசர அவசரமாகப் பணம் கட்டிவிடுவார். வரம்பைத் தாண்டிய நிலையிலேயே 2 ஆண்டுகள் விட்டுவைத்தால், கோப்புகளை நீக்க கூகுளுக்கு உரிமை உண்டு.

இதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம்தான். கூகுள் போட்டோஸின் வரம்பற்ற இலவசம் 2021 ஜூன் 1-இல் முடிந்தது. அதுவரை கணக்கில் சேராமல் இருந்த வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அந்த 15 ஜிபிக்குள்ளேயே எண்ணப்படுகிறது. 2025 மே மாதம் ஏர்டெல் தந்த 100 ஜிபி சலுகையும் 6 மாதத்துக்குத்தான்.

‘அப்படின்னா ஒரு பெட்டி வாங்கி வீட்லயே வெச்சுக்கலாமே?’ என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

ஊத்தங்கரை சொல்லும் பதில்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் மத்தூரைத் தாண்டினால் ஊத்தங்கரை. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் 2024 டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. கடல் இல்லை, பெரிய நதிக்கரை நகரமும் இல்லை. ‘நம்ம ஊர்ல வெள்ளமா?’ என்று கேட்கும் பகுதி அது. அன்று ஒரு வீட்டின் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஹார்டு டிஸ்க் இருந்திருந்தால், அதன் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்கலாம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அரசே அதற்குச் சிறப்பு முகாம்கள் நடத்தியது. இப்போது டிஜிலாக்கரும் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் குரல் இருக்கும் 40 விநாடி வீடியோவுக்கு எந்த முகாமும் கிடையாது.

ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து சாதாரண வீடுகளுக்கு மட்டுமானது அல்ல. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அழிந்தது. 858 டிபி போயே போய்விட்டது. ‘அளவு பெரியது, அதனால் வெளியே நகல் வைக்கவில்லை’ என்பதுதான் கிடைத்த விளக்கம். தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னோடியான நாட்டின் நிலைமை இது!

நாஸ் என்றால் என்ன, செலவு எவ்வளவு?

நாஸ் என்பது வீட்டு வைஃபை ரூட்டரோடு இணைந்திருக்கும் சின்ன கம்ப்யூட்டர். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க். வீட்டில் இருக்கும் எல்லா போன்களும் படங்களைத் தானாக அதில் ஏற்றிவிடும். சினாலஜி, க்யூநாப் ஆகியவை தெரிந்த பெயர்கள். பெட்டி, இரண்டு டிஸ்க், ஒரு சின்ன யுபிஎஸ் என்று சேர்த்தால் ₹30,000-ஐச் சுலபமாகத் தாண்டும். யுபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று விட்டுவிடக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

மின்சாரம்? சுமார் 20 வாட் என்று வைத்தால், 24 மணி நேரமும் ஓடி இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் வரும். இலவச 100 யூனிட்டில் அது கால்பங்குக்கும் மேல். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அடுத்த ஸ்லாபைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு உறைக்கும்.

இன்னொரு பக்கம், கூகுள் ஒன் 2 டிபி ஆண்டுக்கு ₹6,500. ஐந்து ஆண்டுக்கு ₹32,500. ஆக, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் நாஸ் வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை. வீட்டில் நான்கைந்து போன், கல்யாண வீடியோ, யூடியூப் வேலை என்று பல டிபி சேருகிறவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றும் உண்டு. ‘ரெண்டு டிஸ்க் இருக்கு சார், ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கும்’ என்பது உண்மை. ஆனால் அது பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க்கில் நடப்பது அப்படியே மறு டிஸ்க்கிலும் நடக்கும். குழந்தை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். கூகுள் போட்டோஸிலும் இதே சிக்கல்: பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பிலிருந்து நீக்கினால் கிளவுடிலும் போய்விடும், 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு வீடு இருப்பது இங்கே வசதி

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இன்றும் மாறவில்லை: மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டிடத்திலோ. கடைசி அம்சம்தான் பலருக்குக் கஷ்டம். மத்தூர் குடும்பங்களுக்கு அது ஏற்கெனவே பாதி முடிந்த வேலை. பெற்றோர் ஊரில், பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூருவிலோ வாடகை வீட்டில். வார இறுதியில் எப்படியும் பஸ் ஏறுகிறார்கள்.

சில ஆயிரம் ரூபாயில் இரண்டு 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க். ஒன்று ஓசூர் அறையில், இன்னொன்று மத்தூர் பீரோவில், அதுவும் மேல்தட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டால் போதும். மூன்றாவது பிரதி கிளவுடில். பெரும்பாலானவர்களுக்கு நாஸைவிட இதுதான் பொருத்தம். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் டிராயரில் கிடந்தால் அதில் உள்ளது மங்கிப்போகலாம்.

நாஸ் வாங்கியே தீருவேன் என்பவர்கள் அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் க்யூநாப் பெட்டிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பயனர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது டிஸ்க் காலி. 2015-லேயே அப்டேட் நின்றுபோன சாதனம் அது. ஓசூரிலிருந்து மத்தூர் வீட்டுப் பெட்டியைப் பார்க்க டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட இணைப்பு ஆப்கள் போதும். பொது ஐபி முகவரி தராத பிராட்பேண்டிலும் அவை வேலை செய்யும்.

இலவசம் முடியும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் தரவிறக்கலாம். ஆனால் 1 டிபியை 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க, இடையில் தடங்கல் இல்லாவிட்டாலும் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். படம் எடுத்த தேதி போன்ற விவரங்களில் சில தனி ஜேசான் கோப்புகளாக வரும். அவற்றை வேண்டாதது என்று அழித்துவிடக் கூடாது. இறக்கி முடித்ததும் நாலு பழைய வீடியோவையாவது திறந்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அப்பா, அம்மா போன்களை மறந்துவிடுவதும் வழக்கம். 2 ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அந்த நிறுவனம் நீக்கிவருகிறது. செட்டிங்ஸில் ‘செயல்படாத கணக்கு மேலாளர்’ என்ற வசதியில், 3 முதல் 18 மாதம் வரை கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைப் பார்க்க அனுமதிக்கலாம் என்று குறித்து வைக்கலாம். ஐபோனில் இதற்கு ‘லெகஸி கான்டாக்ட்’ என்று பெயர். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.