செவ்வாய்ல கணக்குப்புலி மட்டும் போதுமா?

'செவ்வாய்ல ஊர் அமைக்கிறது எப்படி?'ன்னு ஏழாங்கிளாஸுக்கு ப்ராஜெக்ட் கொடுக்கறது நல்ல விஷயம்தான். ஆனா நடக்கறது என்ன? முதல் ரேங்க் பையன் கணக்கு போடுவான், மத்ததுங்க சார்ட்டுக்கு கலர் அடிக்கும். இதுக்கு செவ்வாய் எதுக்குங்க?

1975-ல் நாசா ஏம்ஸில் பத்தாயிரம் பேர் வாழும் 'ஸ்டான்ஃபோர்ட் டோரஸ்' விண்வெளிக் குடியிருப்பை வடிவமைச்சப்போ, இன்ஜினியர்களோட சமூகவியல், கட்டிடக்கலை ஆட்களும் சேர்ந்துதான் உட்கார்ந்தாங்க.

செவ்வாயிலிருந்து பூமிக்கு சேதி வரவே 3 முதல் 22 நிமிஷம் ஆகும். அங்க தண்ணிச் சண்டை வந்தா யார் தீர்ப்பாங்க? வீட்டுல தம்பி தங்கச்சி பஞ்சாயத்தைத் தீர்க்குற பொண்ணு கிட்ட அந்தப் பொறுப்பைக் கொடுங்க. 'ஆளுக்கு எத்தனை லிட்டர்?'னு அவளே வகுத்தலுக்கு வந்துடுவா.

மார்க்கைப் பார்த்து வேலை பிரிக்காதீங்க வாத்தியாரே, அவ்ளோதான்!