மாதிரி எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மாணவர்களே, மரபணு ஆய்வுக்காக நீங்கள் உமிழ்நீர் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள தகவல் உங்களைப் பற்றியது மட்டுமன்று. உங்கள் குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றியது. அப்படியானால் சம்மதம் யாரிடம் கேட்பது?

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்கள் எழுப்பிய கேள்வி இதுதான். நமீபியாவைச் சேர்ந்த நான்கு சான் முதியவர்களின் மரபணுக்களை ஆராய்ந்த கட்டுரை 2010-இல் வெளியானது. தங்கள் சமூக அமைப்புகளைக் கலந்து பேசவில்லை, தங்களைத் தாழ்த்தும் சொற்களும் அதில் உள்ளன என்று சான் தலைவர்கள் ஆட்சேபித்தனர். 2017-இல், தங்களை ஆராய வருவோருக்கான நெறிமுறைகளைத் தாங்களே வெளியிட்டனர். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவை அதன் அடிப்படை.

உலகிலேயே மரபணு வேறுபாடு மிகுந்த மக்கள் வாழ்வது ஆப்பிரிக்காவில்தான். அங்கு ஆய்வுகள் பெருகும்போது, டிஎன்ஏ-வைப் படிக்கும் கருவியை இயக்கக் கற்றால் மட்டும் இளம் விஞ்ஞானிகளுக்குப் போதாது. சம்மதம் பெறுவது எப்படி, மாதிரிகளை யார் வைத்திருப்பது, கிடைக்கும் பலன் யாருக்கு என்பதையும் அவர்கள் கற்க வேண்டும். விதிகள் எழுதப்படும் கூட்டங்களில் அவர்களும் அமர வேண்டும்.

இதனால் ஆய்வு தாமதமாகும் என்று சிலர் கூறலாம். நம்பிக்கை இழந்த மக்கள் அடுத்த ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பார்களா? அதைவிடப் பெரிய தாமதம் வேறில்லை.

நாளை நீங்களும் ஆய்வகத்தில் நிற்கலாம். உயிரியலோடு நன்னெறியையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.