புது கம்ப்யூட்டரைத் திறக்கவும் 'லாகின்' கட்டாயமா? நம்ம தகவல் எங்கே போகுது?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறை. பில் போட புது கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்னு வெச்சுக்குவோம். ஆன் செய்ததும் திரை முதலில் இன்டர்நெட் கேட்கிறது, அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க எதுக்குங்க கணக்கு?

எப்போது வந்தது இந்தக் கட்டாயம்?

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இது தொடங்கியது. 2022-ல் சொந்த உபயோகத்துக்கான ப்ரோ பதிப்புக்கும் அறிவிக்கப்பட்டது. கணக்கைத் தவிர்க்க இருந்த சில சுற்றுவழிகளும் 2025 அக்டோபரில் சோதனைப் பதிப்புகளிலிருந்து நீக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு, ஐபோனில் கணக்கில்லாமலும் உள்ளே போகலாம். ஆனா பிளே ஸ்டோரோ ஆப் ஸ்டோரோ வேணும்னா கணக்கு வேண்டும்.

இதில் நன்மையே இல்லையா?

இருக்கு. போன் திருடு போனால் தேடலாம், பூட்டலாம். புது போனுக்குத் தகவலை மாற்றலாம். விண்டோஸில் பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் மீட்புச் சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது.

அப்போ சிக்கல் என்ன?

சாவி கணக்கில் இருக்கிறது. கணக்கு முடங்கினால், பூட்டிய டிஸ்க்கில் உள்ள பில்களும் போகலாம். தேடியது, போன இடம், போட்ட ஆப் எல்லாம் ஒரே பெயரில் சேரவும் இந்தக் கணக்கு வழி செய்கிறது. அந்தக் கணக்கோடு நம்ம மொபைல் எண்ணும் இணைந்திருக்கலாம்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை புதுச்சேரி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாருடன் இணைத்த எண்களுக்கு பாஜகவின் வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லி குறுஞ்செய்தி வந்ததாக சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. கட்சி குற்றச்சாட்டை மறுத்தது. எண்களைத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று சேகரித்ததாகச் சொன்னது. ஆதார் ஆணையம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கட்டாயமில்லாமல் பெறப்பட வேண்டும். தேவையான தகவலுக்கு மட்டுமே அது செல்லும். மருத்துவ ஆலோசனை ஆப் நம்ம போன்புக்கைக் கேட்டால், அந்த ஒப்புதல் செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் முக்கியப் பிரிவுகள் அமலாக 18 மாத அவகாசம் உண்டு. கம்ப்யூட்டர் ஓட கணக்கு 'தேவையான தகவலா' என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் விடை தேட முடியும்.

இப்போ நாம என்ன செய்யலாம்?

* கடைக்காரர் உருவாக்கிய கணக்கா? பாஸ்வேர்டு, மீட்பு எண், மீட்பு மெயில் மூன்றையும் உடனே மாத்துங்க.
* விண்டோஸில் செட்டப் முடிந்ததும், அமைப்புகளில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதிக்குப் போய் லோக்கல் கணக்குக்கு மாறலாம். அதற்கு முன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்க.
* கூகுள் கணக்கில் தேடல், இருப்பிட வரலாறு தானாக அழியும்படி வையுங்க.
* பட்டறைக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு. இரண்டையும் கலக்காதீங்க.