இடிப்போரும் தொழுவோரும்

தோழனே!

கடல் கடந்த நாட்டிலே கான்கிரீட்டால் எழுந்த ஒரு நூலகத்தைப்பற்றி இன்று உன்னோடு பேச வந்துள்ளேன். "இங்கே ஆயிரம் வேலை கிடக்க அமெரிக்கக் கட்டடம் நமக்கெதற்கு?" என்று நீ புருவம் உயர்த்துவது தெரிகிறது. பொறு. பஞ்சாலைத் தொழிலாளியின் பிள்ளைக்காக எழுந்த நூலகமப்பா அது!

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்பகுதியில் நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர் என்று இரு ஆலை நகரங்கள். தறியோசையே தாலாட்டாக வளர்ந்த மக்கள். கூலியிலே பத்து விழுக்காடு வெட்டு என்று முதலாளிகள் முழங்கியபோது, 1928இல் நியூ பெட்ஃபோர்ட் தொழிலாளர் ஆறு திங்கள் ஆலை வாயிலை மிதிக்க மறுத்தனர். அந்நகரங்களின் இரு நெசவுப் பள்ளிகளை 1960களில் ஒன்றாக்கி அரசே உயர்கல்விக்கூடம் கண்டது. இன்று அது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகம். வரைந்தவர் பால் ருடால்ஃப். 1972இல் அங்கே நூலகம் எழுந்தது. பூச்சில்லை, பூவேலையில்லை, வரிவரியாய்ச் சொரசொரத்த கான்கிரீட், உள்ளே கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! ஆலைக்காரன் மகளுக்குக் கொட்டகை போதுமென்று அங்கே எவரும் எண்ணவில்லை.

ஆண்டுகள் உருண்டன. குளிர்காலத்தில் வெப்பம் கண்ணாடி வழியே கசிந்தது. அடுக்குகள் இடத்தை அடைத்தன. நால்வர் கூடிப் படிக்க மூலையில்லை. கணினிக்கு மின்சாரம் தேட வேண்டியதாயிற்று. 1972இல் மடிக்கணினியைக் கனவு கண்டவர் யார்?

இத்தகைய கட்டடங்கள் முதுமையடையும்போதெல்லாம் இரு கூட்டம் கிளம்பும். "அழகற்ற பூதம், இடி!" என்பது ஒன்று. நியூயார்க் மாநிலம் கோஷனில் இதே ருடால்ஃப் கட்டிய மாவட்ட அரசு மாளிகைக்கு அதுதான் நேர்ந்தது. 2011 புயலுக்குப் பின் பூட்டினார்கள். 2015இல் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். ஒழுகியது, உண்மை. எண்பத்தேழு கூரை வைத்துக் கட்டினால் ஒழுகாதா? ருடால்ஃபை அதற்காக நான் தாங்கிப் பேசப் போவதில்லை. ஆனால் கேட்கிறேன்: அடிக்கல் நாட்ட அணிவகுக்கும் அமைச்சர்கள், ஓட்டை அடைக்க ஒதுக்கும் தொகை என்ன? பட்டினி போட்டுவிட்டுப் 'பலவீனன்' என்று பழிப்பது எந்த ஊர் நியாயம்?

மற்றொரு கூட்டம் தொழுவோர் கூட்டம். "மேதை வரைந்த கோடு, தொடாதே!" என்று சூடம் காட்டுவோர். குளிரிலே நடுங்கும் மாணவி இவர்கள் கண்ணில் படுவதே இல்லை, சுவர்தான் படும்.

டார்ட்மவுத்தில் இருவர் பேச்சும் எடுபடவில்லை. 2012இல் நூலகம் புதுக்கோலம் பூண்டு திறந்தது. திறந்துகிடந்த பகுதியைக் கண்ணாடியால் வளைத்துப் புதிய கூடம் ஆக்கினர். கூடிப் படிக்க இடம் வந்தது, காப்பிக் கடையும் வந்தது. ருடால்ஃபின் கான்கிரீட் நின்றது. மங்கிய வண்ணங்கள் மீண்டன.

இது நமக்குப் புதிய பாடமா? சீர்காழியிலே பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராய் அமர்ந்தாரே ரங்கநாதன், அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி என்ன? நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பதுதானே! வளரும் பிள்ளைக்குச் சட்டை சிறுத்தால் பிள்ளையை வெட்டுவாரா? பழைய சட்டையிலேயே திணிப்பாரா?

"நூலெல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, கட்டடம் ஏன்?" என்று மூன்றாவதாக ஒரு மேதாவி முணுமுணுக்கிறார். அவர் வீட்டில் அவருக்கென்று தனியறை இருக்கும். மேசை இருக்கும், விளக்கு இருக்கும். ஓரறை வீட்டிலே ஐவரோடு உறங்கி எழும் மாணவி, கைப்பேசியை எங்கே உட்கார்ந்து விரிப்பாள், தோழனே?