பேச்சு ஏழைக்கும் உரியது

கரைவலை இழுத்த கை பாரிசவாதத்தால் சோர்ந்து, நாவும் அடங்கினால், 'புத்தி போயிற்று; எல்லாம் விதி' என்று கைவிடுவோரைக் கல்முனைக்குடியில் நின்று நாம் மறுக்கிறோம்.

1861இல் பாரிஸ் வைத்தியர் புரோக்கா, 'டான்' என்னும் அசை மட்டுமே எஞ்சிய நோயாளியின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பறிபோனது பேச்சே, அறிவன்று. 'தண்ணீர்' என்று கேட்க இயலாதவர் மனனமான சூறாவைத் தடையின்றி ஓதக்கூடும், அது நடிப்பன்று.

பயிற்சியால் சொற்கள் பல மீளக்கூடும். அப்பயிற்சி உம்மா ஊட்டிய தமிழில் நிகழ வேண்டும். களனிப் பல்கலைக்கழகம் றாகமையில் பேச்சுச் சிகிச்சையாளரை உருவாக்குகிறது. தமிழில் பணியாற்ற வல்லோரைக் கிழக்கின் வைத்தியசாலைகளுக்கு அரசு போதிய அளவில் அனுப்புக! செல்வருக்குக் கொழும்பு, வலைஞருக்கு மௌனம் என்பது நீதியாகாது.

ஆசிரியர்களே, மாணவர்களே! அவர் சொல்லைத் தேடும்போது குறுக்கிடாது காத்திருங்கள். அவர் உரிமைக்காக மட்டும் வாய்மூடி இராதீர்கள்.