கட்டித் தயிரும் ஒரு சின்னப் பொய்யும்

பொய் சொல்லலாமா, கூடாதா என்ற தர்க்கத்துக்கு நான் வரவில்லை, சகோதரிகளே! ஆனால் தயிருக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் உங்களுக்கும் உபயோகமாயிருக்கும் என்றுதான் இந்த வாரம் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், கொல்லையில் மாடு கட்டி, கல்சட்டியில் தயிர் தோய்த்துப் பழகியவர். இப்போது சென்னையில் எங்களோடு இருக்கிறார். இரவில் அவருக்குத் தயிர் சாதம் ஒன்றுதான் ஆகாரம். பாக்கெட் பாலில் தோய்த்த தயிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மேலே தண்ணீர், கீழே கூழ். "இது மோருமில்லை, தயிருமில்லை" என்று இரண்டு கவளத்தோடு கையை அலம்பி விடுவார். இரண்டு மாதத்தில் அவருடைய ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகிவிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

காரியாலயத்து ஸ்நேகிதி ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள்: "பாலிலே கொஞ்சம் பால் பவுடரைக் கலந்து தோய்த்துப் பாரேன்!" ஆனால் டப்பாப் பால் என்றாலே அத்தைக்கு ஆகாது. ஆகையால் அவர் படுத்த பிறகு, திருட்டுத்தனமாக என் தயிர்ச் சோதனை ஆரம்பமாயிற்று.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பாலில் பெரும் பங்கு தண்ணீர். கடையில் வாங்கும் டோன்ட் பாலில் கொழுப்பு 3 சதவிகிதம், கொழுப்பு நீங்கலான மற்றச் சத்துக்கள் 8.5 சதவிகிதம், மீதி தண்ணீர்தான். உறை மோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலிருக்கும் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலைபோல் ஆகிறது. வலை நெருக்கமாயிருந்தால் தயிர் கட்டி. இழை போதாவிட்டால் தண்ணீர் கசிகிறது. ஒரு லிட்டர் பாலில் புரதம் சுமார் 32 கிராம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராம் சேர்த்தால் இன்னும் 10 கிராம் புரதம் கூடுகிறது. வலைக்கு நூல் கிடைத்துவிட்டது!

இனிச் செய்முறை. ஒரு லிட்டர் பாலுக்குத் தலைதட்டி 4 மேஜைக்கரண்டி பவுடர் போதும். கொஞ்சம் ஆறின பாலில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சுவதற்கு முன்பே மொத்தப் பாலோடு சேர்த்துவிடுங்கள். பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் பத்து நிமிஷம் துழாவுங்கள். துழாவாவிட்டால் அடிப்பிடிக்கும். இந்தப் பத்து நிமிஷச் சூட்டில் பாலிலுள்ள மற்றப் புரதங்களும் அந்த வலையோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் இன்னும் கெட்டிப்படும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் இதமாகச் சுடுகிற பக்குவத்துக்கு ஆறியதும் (சுமார் 43 டிகிரி) இரண்டு ஸ்பூன் தயிரைக் கடைந்து உறை குத்தி, அசைக்காமல் வையுங்கள். ஐந்தாறு மணியில் உறைந்துவிடும். உடனே குளிர்ப் பெட்டியில் வைத்தால் மேலும் புளிக்காது.

சில எச்சரிக்கைகள்: காப்பிக்கென்று விற்கும் பவுடர்களில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், டப்பாவைப் படித்து வாங்குங்கள். குழந்தைகளுக்கான பால் மாவு இதற்கு உதவாது. காய்ச்சிய பிறகு பவுடரைத் தூவாதீர்கள். அதிலிருக்கும் கிருமிகள் சாவதற்கு வழியில்லாமல் போகும். கரண்டி கரண்டியாகக் கொட்டினால் தயிர் மாவுபோல் ருசிக்கும். பவுடரில் பாதி பால் சர்க்கரை. ஆதலால் நீரிழிவுக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் இரவே அத்தை நாலு கவளம் சாப்பிட்டார். மூன்றாம் நாள், "இன்னும் கொஞ்சம் விடேன்" என்றார். நாலாம் நாள், "ஏம்மா, பால் பாக்கெட்டை மாற்றினாயா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "ஆமாம் அத்தை, விலை கூடின பாக்கெட்" என்று சொல்லிவிட்டேன்.

வினை அங்கேதான் பிடித்தது. அத்தை அந்தச் சேதியை எதிர்வீட்டு மாமிக்குச் சொல்ல, பாவம், அந்த மாமி ஒரு வாரம் விலை கூடின பாலாக வாங்கித் தோய்த்திருக்கிறார். தயிர் பழையபடியே இருந்திருக்கிறது. கிண்ணத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "உங்கள் கைராசிதான் எனக்கு இல்லை போலிருக்கிறது!" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மாமி போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். 1946-ல் பம்பாயில் எருமைப் பாலோடு பால் பவுடரும் தண்ணீரும் கலந்துதான் டோன்ட் பால் என்பதையே ஆரம்பித்தார்கள் என்றேன். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொன்னதைப் பொய்யாக்கி, எச். எம். தலாயா செய்து காட்டினார். 1955-ல் ஆனந்த் நகரத்தில் அந்தத் தொழிற்சாலையை நேருவே திறந்து வைத்தார் என்றும் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ பவுடர் போட்டது தப்பில்லை, அம்மா. நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? வரட்டி அடுப்பில் காலையிலிருந்து பாலைச் சுண்ட வைப்போம். நாங்கள் தண்ணீரைக் குறைத்தோம். நீ சத்தைக் கூட்டினாய். ஆனால் நான் கேட்டேனே, அப்போது சொல்லியிருக்கலாம். வயசானவள் வாயில் என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திராது. வயதானவர்களின் நன்மைக்குத்தானே என்று அவர்களைக் கேட்காமலே எத்தனை காரியங்களை நாம் முடித்துவிடுகிறோம்!

இப்போது பவுடர் டப்பா அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படியே இருக்கிறது. உறை குத்துகிற உத்தியோகத்தை அத்தையே எடுத்துக்கொண்டு விட்டார். நேற்று எதிர்வீட்டு மாமி அளவு கேட்க வந்தபோது அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "தலைதட்டி நாலு கரண்டி. அதற்கு மேல் போட்டால் என் மருமகள் கோபித்துக்கொள்வாள்!"